ஜிம்மிக்கு ஒரு சொல், மகளுக்கு ஒரு காரணம்

நாய் இருக்கும் வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "நாயை யாருக்காவது கொடுத்துடும்மா" என்பது ஒரு கட்சி. "ஏற்கெனவே ஒண்ணை வளர்த்துட்டே, அடுத்தது உனக்குச் சுலபம்" என்பது இன்னொன்று. மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் தெரஸ் (வரிசை) வீட்டுக்கு ஜிம்மி வந்தது மகள் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு. சந்தைப் பக்கம் யாரோ விட்டுப்போன குட்டி, கறுப்பும் பழுப்பும் கலந்த நாட்டு நாய். இப்போது மகளுக்கு ஐந்து வயது நடக்கிறது.

இரண்டு பேரையும் ஒரே கூடத்தில் வளர்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முதல் இரண்டு வருடத்தில் நாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவான விஷயங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அப்புறம் பாதை பிரிகிறது. பிரிந்த பிறகு ஒருவருக்குச் செய்வதையே மற்றவருக்கும் செய்தால் இருவருக்கும் கெடுதல்தான்.

முதலில் கடி. நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்று, நான்கு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 பற்களும் வந்துவிடும். பிள்ளைக்கு 20 பால் பற்கள், ஆறு மாத வாக்கில் தொடங்கி மூன்று வயதுக்குள் முளைத்து முடியும். ஈறு நமநமவென்று இருக்கும்போது இருவரும் செய்வது ஒன்றுதான்: கிடைத்ததை வாயில் போடுவது. அதட்டினால் ஈறு வலி போகாது. பிள்ளைக்கு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் குளிரவைத்த துணி, ஜிம்மிக்கு முடிச்சுப் போட்டு உறையவைத்த பழைய துண்டு. நிறம் வேறு வேறாக இருக்கவேண்டும், துவைப்பதும் தனித்தனியாக. "கடிக்காதே" என்று நூறு முறை சொல்வதைவிட "இதைக் கடி" என்று கையில் கொடுப்பது வேலை செய்யும்.

அடுத்தது தூக்கம். நாய்க்குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம்வரை தூங்கும். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தேவை. இது குறைந்தால் இருவரும் சோர்ந்து படுத்துவிடமாட்டார்கள்; தலைகீழாக ஆட்டம் போடுவார்கள். அந்தி சாய்ந்து பள்ளிவாசலில் மகரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு ஜிம்மி சோபாவைச் சுற்றிச் சுற்றி ஓடி, வருகிறவர் போகிறவர் கால்சட்டையைப் பிடித்து இழுக்கும். அதே நேரத்துக்கு மகள் தண்ணீர் பச்சைக் கோப்பையில் வந்ததற்காக அழுவாள். என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "தூக்கத்துக்கு அழுவுதும்மா, பேசிக்கிட்டே நிக்காதே" என்பார். அந்த நேரத்தில் நாய்க்குப் பயிற்சியும் வேண்டாம், பிள்ளைக்குப் புத்திமதியும் வேண்டாம். விளக்கைக் குறைத்து, பிள்ளையை ஓர் அறையிலும் நாயைக் கூண்டிலும் போர்வையோடு விட்டால் முக்கால்வாசி பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கவனம் என்பதும் இருவருக்கும் பொது. எந்தச் செயலுக்கு நாம் திரும்பிப் பார்க்கிறோமோ அந்தச் செயல் வளரும். குரைக்கும்போது "ஷ்ஷ், ஜிம்மி!" என்று ஓடிவருவதும், தட்டைத் தட்டும்போது மட்டும் பிள்ளை முகத்தைப் பார்ப்பதும், அந்தச் சத்தத்துக்கு நாம் கொடுக்கும் பரிசுதான். அமைதியாகப் படுத்திருக்கும் நாயை, அமைதியாக அடுக்கி விளையாடும் பிள்ளையை, அந்த நிமிடமே போய்த் தட்டிக்கொடுக்கவேண்டும். நாயிடம் இது ஓரிரு நொடிக்குள் நடக்கவேண்டும். தாமதமானால் எதற்குப் பாராட்டு என்று அதற்குப் புரியாது.

இனி பாதை பிரியும் இடம். எனக்கு அது விரல் நீட்டுவதில்தான் முதலில் தெரிந்தது.

நாம் விரலால் காட்டும் திசையைப் புரிந்துகொள்வதில் நாய்கள் கெட்டிக்காரர்கள். இரண்டு கிண்ணங்களில் ஒன்றின் கீழ் தீனியை ஒளித்துவிட்டு, மனிதர் விரலைக் காட்டினால் நாய் சரியான கிண்ணத்துக்குப் போகும். நம் நெருங்கிய உறவான சிம்பன்சி அதில் தடுமாறும். பிரையன் ஹேர், மைக்கேல் டோமசெல்லோ முதலியோர் 2002-இல் சயன்ஸ் இதழில் எழுதிய ஆய்வு இது. மனிதரோடு நெருங்கிப் பழகாத நாய்க்குட்டிகளிடமும் இந்தத் திறன் இருந்தது. மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்களிடம் அந்த அளவுக்கு இல்லை. ஜிம்மியும் அப்படித்தான். பிஸ்கட் எங்கே உருண்டது என்று காட்டினால் நேராகப் போய் எடுக்கும். தனக்கு ஏதாவது வேண்டுமென்றால் அலமாரியைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், மறுபடி அலமாரியைப் பார்க்கும். ஒரு வயதுப் பிள்ளையும் இதைச் செய்யும்.

ஆனால் மகளுக்கு ஒரு வயது ஆன சமயத்தில் வேறொன்று தொடங்கியது. வாசலில் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றால், பாயான் லெப்பாஸ் பக்கம் இறங்கும் விமானத்தை நோக்கிக் கையை நீட்டுவாள். அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். நான் "ஆமாண்டா, ஏரோப்ளேன்!" என்றதும் கையை இறக்கிவிடுவாள். விமானம் அவளுக்கு வேண்டியதில்லை. நான் அதைப் பார்த்துவிட்டேனா என்பதுதான் அவளுக்கு வேண்டியது. ஜிம்மி எத்தனையோ தடவை என்னை அலமாரிக்கு அழைத்திருக்கிறது, கதவுக்கு அழைத்திருக்கிறது. "அதோ பார், அழகாயிருக்கு" என்று ஒரு தடவைகூட அழைத்ததில்லை.

இளம் பெற்றோருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை விரல் நீட்டும்போது கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிப் பாருங்கள், பெயரைச் சொல்லுங்கள். பேச்சு அங்கிருந்துதான் வளர்கிறது. ஒன்றரை வயதாகியும் பிள்ளை எதையும் சுட்டிக்காட்டவில்லை என்றால், அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது தாதியிடம் அவசியம் சொல்லுங்கள். "போகப்போகச் சரியாயிடும்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

சொற்களிலும் இதே பிரிவு. அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் காலி நாய்க்கு 1,022 பொம்மைகளின் பெயர்கள் தெரியும் என்று ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் 2011-இல் வெளியிட்டார். மூன்று வருடம் தினமும் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுத்த பலன் அது. அப்படிப்பட்ட நாய்கள் அபூர்வம். நம் வீட்டு நாய் கற்பது அதைவிட மிகக் குறைவான சொற்களாகத்தான் இருக்கும், அதிலும் பல நம் உடல் அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வது. ஆகவே நாய்க்கு ஒரு செயலுக்கு ஒரு சொல்தான். எங்கள் வீட்டில் என் கணவர் "சிட்" என்பார், மாமியார் "உக்காரு" என்பார், பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் தன் பங்குக்கு ஹொக்கியனில் ஏதோ சொல்வார். ஜிம்மி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து முழிக்கும். கடைசியில் "உக்காரு, வா, இரு, விடு" என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்களும் அதையேதான் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு.

மகளுக்கு இந்த ஏற்பாடே தேவைப்படவில்லை. பாட்டியிடம் தமிழ், பாலர் பள்ளியில் மலாய், கார்ட்டூனில் ஆங்கிலம் என்று ஒரு பொருளுக்கு மூன்று பெயரையும் எடுத்துக்கொண்டாள், எதை யாரிடம் சொல்லவேண்டும் என்பதையும் தானே பிரித்துக்கொண்டாள். மலேசியத் தமிழ்ப் பெற்றோர் பலர், "பிள்ளை குழம்பிடும், ஒரே மொழி பேசுவோம்" என்று முதலில் விட்டுவிடுவது தமிழைத்தான். அந்தப் பயம் வேண்டவே வேண்டாம். குழம்புவது நாய்தான், பிள்ளைக்கு மூன்று மொழியும் தாங்கும்.

பார்த்துச் செய்வதில் இன்னும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தேவையில்லாத ஒரு படியையும் சேர்த்து ஒரு பெட்டியைத் திறந்து காட்டினால், பிள்ளைகள் அந்தத் தேவையில்லாத படியையும் அப்படியே செய்வார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் நாய்களுக்கு இதே மாதிரி பெட்டியைக் கொடுத்துப் பார்த்தபோது, பழகப் பழக அவை வீண் படியை விட்டுவிட்டு நேராக மூடியைத் திறந்தன. இந்த இடத்தில் நாய்தான் புத்திசாலி என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமியார் சாம்பிராணி போடும்போது பின்னாலேயே மகள் போவாள். அவர் புகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் இவளும் ஒற்றிக்கொள்வாள். அவர் நின்று முந்தானையை இழுத்துச் செருகினால், அரைக்கால் சட்டை போட்ட இவளும் இடுப்பில் இல்லாத முந்தானையைச் செருகுவாள். ஜிம்மிக்குப் புகை பிடிக்காது, வெளியே போய்விடும். சோறு உருட்டுவது, கும்பிடுவது, பெரியவரைக் கண்டால் எழுந்து நிற்பது எல்லாம் பிள்ளைகளுக்கு இப்படித்தான் போய்ச்சேர்கின்றன.

இதனால் வீட்டுப் பெரியவர்கள் நாயிடம் பேசும் விதத்தைக் கவனிக்கவேண்டும். "ச்சீ, தள்ளு!" என்று காலால் ஒதுக்கினால் அதை அப்படியே படிப்பது நாய் இல்லை, பிள்ளை. அப்புறம் அவள் அதையே முதலில் பொம்மையிடமும் பிறகு பாலர் பள்ளியில் மற்றப் பிள்ளைகளிடமும் காட்டுவாள்.

அடுத்தது எல்லா நாய் வீட்டிலும் நடக்கும் காட்சி. வேலை முடிந்து வந்தால் செருப்பு கந்தலாகக் கிடக்கும். நாய் காதை மடக்கி, கண்ணைத் திருப்பி, வாலை இடுக்கிக்கொண்டு ஓரமாக நிற்கும். "பாரு, செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது" என்போம். நாய்களின் மனதை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதைச் சோதித்தார். தீனியைத் தின்னாத நாய்களையும் தின்றதாக நினைத்து எஜமானர்கள் திட்டும்படி செய்தார். அந்தக் 'குற்றவாளி முகம்' தின்றதற்கும் தின்னாததற்கும் ஏற்ப மாறவில்லை, திட்டுக்கு ஏற்பத்தான் வந்தது. தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அந்த முகத்தைக் காட்டியது. ஆக அது நம் கோபத்தைக் கண்டு பயப்படும் முகம். மத்தியானம் கடித்த செருப்புக்குச் சாயங்காலம் அடித்தால், நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: வாசலில் வரும் இந்த ஆள் சில நாள் ஆபத்தானவர். செருப்பை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள், முடிந்தது விஷயம்.

பிள்ளையிடம் அப்படி இல்லை. மூன்று வயதுக்கு மேல் நேற்று நடந்ததைப் பற்றி இன்று பேசலாம். போன வருடம் மகள் என் தையல் பெட்டியிலிருந்து பித்தான்களை எடுத்துச் சாமி மாடத்தின் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, இரவு படுக்கப்போகும் நேரத்தில் தானே வந்து, "அம்மா, நான் ஒண்ணு சொன்னா திட்டமாட்டீங்களே?" என்றாள். திட்டவில்லை. நேரம் கடந்த பிறகு வரும் இந்தக் கேள்வி நாயிடம் ஒருநாளும் வராது. பிள்ளையின் அந்தக் கேள்வியைத் திட்டால் அடைத்துவிட்டால் அடுத்த முறை வராது. பித்தானை ஜிம்மி விழுங்கியிருந்தால் என்ன ஆகும் என்று பேசினோம், மறுநாள் இருவரும் சேர்ந்து எண்ணிப் பெட்டியில் போட்டோம்.

பயத்திலும் இதைப் பார்க்கலாம். பினாங்கில் சீனப் புத்தாண்டுப் பெருநாளின் முதல் நாளைவிட ஒன்பதாம் நாள்தான் பெரிது. ஹொக்கியன் மக்கள் வான் தெய்வத்தை வணங்கும் நாள். அதற்கு முந்தின இரவு வெல்ட் கீ கடலோரச் சாலையில் சியூ ஜெட்டி பக்கம் கரும்பும் பலகாரமுமாக மேசைகள் நிற்கும், நடுநிசிக்கு ஊர் முழுக்க வெடி வெடிக்கும். முதல் தடவை மகளும் ஜிம்மியும் ஒன்றாக நடுங்கினார்கள். அடுத்த வருடம் மகளிடம் மத்தியானமே சொல்லிவைத்தேன்: இன்றைக்கு ராத்திரி சத்தம் வரும், அங்கிள் வீட்டில் சாமி கும்பிடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். காதைப் பொத்திக்கொண்டு ஜன்னலில் நின்று பார்த்தாள். அதற்கடுத்த வருடம் அவளே ஜிம்மியிடம் போய், "பயப்படாதே, சாமி கும்பிடுறாங்க" என்று விளக்கினாள்.

ஜிம்மிக்கு விளக்கம் பயன்படாது. அதற்கு நாங்கள் செய்வது வேறு. சாயங்காலமே நடக்கவைத்து, சாப்பாடு கொடுத்து, ஜன்னல் இல்லாத குளியலறையில் அதன் போர்வையை விரித்து, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிடுவோம். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்காருவோம். பயப்படும் நாயைத் தடவினால் பயம் கூடும் என்பது பழைய பேச்சு; தயங்காமல் தடவலாம். வாசல் கேட்டைப் பூட்டுவது மிக முக்கியம். தீபாவளிக்கும் இந்த இரவுக்கும் எத்தனையோ நாய்கள் மிரண்டு ஓடித் தொலைந்துபோகின்றன. ரொம்ப நடுங்கும் நாய்க்கு மருந்து உண்டு, பெருநாளுக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இருவரையும் ஒரே வீட்டில் வைத்திருப்பவர்கள் மற்ற எதை மறந்தாலும் பாதுகாப்பை மறக்கக்கூடாது. எவ்வளவு சாதுவான நாயானாலும் சின்னப் பிள்ளையோடு தனியாக விடக்கூடாது. குளியலறைக்குப் போகும் ஒரு நிமிடமானாலும் நடுவில் தடுப்புக் கதவு சாத்தியிருக்கவேண்டும். பல்லைக் காட்டி உறுமும் நாயைப் பார்த்து 'சிரிக்கிறது' என்று சின்னப் பிள்ளைகள் நினைப்பதுண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் படங்களைக் காட்டி இதை உறுதிசெய்திருக்கிறார்கள். எனவே நாயின் முகத்தைப் படிக்கவேண்டிய வேலை நம்முடையது. தூக்கம் இல்லாதபோது கொட்டாவி, தீனி இல்லாதபோது உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, திடீரென்று உடம்பு விறைத்து அசையாமல் நிற்பது எல்லாம் "போதும்" என்பதற்கான அடையாளங்கள். கடைசியில் உறுமல். உறுமலுக்கு அடிக்காதீர்கள். உறுமக்கூடாது என்று கற்ற நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். உறுமினால் பிள்ளையை நகர்த்துங்கள், ஏன் உறுமியது என்று பாருங்கள்.

மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது குறைவுதான். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் ஜிம்மி பக்கம் போகக்கூடாது. கட்டிப்பிடிக்கக்கூடாது, நெஞ்சிலும் முதுகிலும் தடவலாம். தடவ ஆசை வந்தால் உட்கார்ந்து கூப்பிடவேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் அதற்கு இஷ்டமில்லை. இந்தக் கடைசி விதிக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். இன்னொருவர் உடம்பைத் தொட அவருடைய சம்மதம் வேண்டும் என்பதை ஒரு பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உடல்நல விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைக்குத் தடுப்பூசிப் புத்தகம் இருப்பதுபோல நாய்க்கும் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். 2015-இல் பினாங்கிலும் கெடா, பெர்லிஸிலும் வெறிநாய்க்கடி நோய் தலைதூக்கியது, தெருநாய்கள் கொல்லப்பட்டதும் அதன்மேல் எழுந்த சண்டையும் இங்கே பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஊசியைத் தவறவிடாதீர்கள். எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். பிள்ளை தின்னும் சாக்லேட், திராட்சை, வெங்காயம் போட்ட கறிக்குழம்பு எதுவும் நாய்க்கு ஆகாது. பிள்ளையின் காய்ச்சல் மருந்தையும் நாய்க்கு ஊற்றக்கூடாது. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். மீதத்தைத் தட்டிலிருந்து நீட்டும் பாட்டிகளிடம் இதை அன்பாகத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கும்.

எங்கள் வலப்பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு (முஸ்லிம் மலாய்க்கார அத்தை) மகள் என்றால் உயிர், நாயோடு மட்டும் நெருங்கமுடியாது. நாயின் எச்சில் பட்டால் மண் கலந்த தண்ணீரில் ஒரு முறையும் வெறும் தண்ணீரில் ஆறு முறையும் கழுவவேண்டும் என்பது அவர்கள் முறை. அவர் வந்தால் மகளே ஓடிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றிவிட்டுத்தான் கேட்டருகே போவாள். ஜிம்மிக்குச் சங்கிலி, அதனிடம் இதை எதிர்பார்க்கமுடியாது, எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

எனக்கு மனதில் ஆழமாக இருக்கும் விஷயம் கீழ்ப்படிதல். நாய் நல்ல நாய் என்றால் சொன்னதைக் கேட்கும் நாய். வாகனம் வரும் சாலையில் "இரு" என்றால் நிற்கவேண்டும், அதன் உயிர் அதில் இருக்கிறது. பன்னிரண்டு, பதினான்கு வருடமும் அதைப் பார்த்துக்கொள்ளப்போவது நாம். பிள்ளை அப்படியா? என்றோ ஒருநாள் நாம் இல்லாத இடத்தில் அவள் தானே முடிவெடுக்கவேண்டும். எந்தப் பெரியவர் சொன்னாலும் உடனே கேட்கும் பிள்ளை, கெட்ட எண்ணத்தோடு வரும் பெரியவர் சொன்னாலும் கேட்கும். இரண்டு வயதில் வரும் "மாட்டேன்" நாயிடம் வந்தால் திருத்தவேண்டியது, பிள்ளையிடம் வந்தால் கேட்கவேண்டியது. சாலையைக் கடக்கும்போது, அடுப்பருகே, தண்ணீரருகே "மாட்டேன்" கிடையாது. சட்டை நிறத்துக்கும், மாமாவுக்கு முத்தம் கொடுப்பதற்கும் அவள் "மாட்டேன்" சொல்லலாம். அதற்கு எங்கள் வீட்டில் யாரும் வற்புறுத்தக்கூடாது.

அதனால்தான் ஒவ்வொரு வேலைக்கும் நட்சத்திரம் ஒட்டி, மிட்டாய் கொடுத்துப் பிள்ளையைப் பழக்கும் முறையை நான் கொஞ்ச காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கழிவறைப் பழக்கத்துக்குச் சரி. ஜிம்மிக்குப் பிஸ்கட் போதும், ஏன் என்று அது கேட்காது. மகள் "ஏன்?" என்று கேட்கிறாள், அந்தக் கேள்விக்குப் பதில் நட்சத்திரத்தில் இல்லை. நாய்க்கு ஏன் தனித்தட்டு, மாக்சிக் வந்தால் ஏன் கை கழுவணும், ராத்திரி ஏன் வெடிக்கிறாங்க என்று காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும், நேரம் எடுத்தாலும்.

நாயும் பிள்ளையும் சேர்ந்து வளரவேண்டும் என்று ஆசைப்படும் தம்பதிகள் என்னிடம் கேட்டால், முடிந்தால் பிள்ளைக்கு ஐந்து வயதானபின் நாயை எடுங்கள் என்பேன். அதற்குள் சொன்னால் புரிகிற வயது வந்திருக்கும், உங்களுக்கும் இரவுத் தூக்கம் திரும்பியிருக்கும். "பிள்ளைக்குப் பொறுப்பு வரும்" என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பும், கூடமாட நடக்கும். உண்ணி பார்ப்பது, குளிப்பாட்டுவது, மழையில் வெளியே கூட்டிப்போவது, வருடா வருடம் மாநகர் மன்றத்தில் நாய் உரிமத்தைப் புதுப்பிப்பது எல்லாம் பெரியவர் வேலை. அதைச் செய்ய வீட்டில் யாராவது ஒருவர் மனமாரத் தயார் என்றால் எடுங்கள்.